மத்தியானம் பற்றிய கேள்வி

கேள்வி கேட்க ஒரு பெண் வரப்போகிறாள் என்று தெரிந்ததும் கோச் காலையிலேயே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கோச் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். நீச்சல் குளத்து வேலையை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பால் போடுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். சொந்தப் பெயர் பென்ஷன் தாளில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

"வரட்டுமே. என்ன கேட்டுடப் போறாங்க" என்று மனைவியிடம் தைரியமாகத்தான் சொன்னார். மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள்.

விஷயம் அவர்களுடைய ஒரே மகளைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்கு முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, சின்ன வயதிலிருந்தே ஒரு மச்சம் உண்டு. அது ஒரு நாள் கறுத்துப் பெரிதாகி, ரவிக்கையில் ரத்தக் கறை வைத்தது. மெலனோமா என்றார்கள். தோலில் வருகிற புற்றுநோய்களிலேயே பொல்லாதது. வெட்டி எடுத்தாயிற்று. ஆனால் எடுப்பதற்கு முன்பே அது நுரையீரல் வரை ஓடிவிட்டிருந்தது.

"வெயில்ல இருந்ததாலயா டாக்டர்?" என்று கோச் ஒரே ஒரு தடவை கேட்டார். டாக்டர் நல்ல மனுஷர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆளக் காட்டி இவங்களுக்கு இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது சார். ஆயிரக்கணக்கான பேர சேத்து வெச்சுப் பாத்தாத்தான் ஏதாவது தெரியும். அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. சின்ன வயசுல எவ்வளவு வெயில்ல இருந்தோம்னு ஜனங்க சொல்றாங்களே, அத எந்த அளவுக்கு நம்பறது? அதத்தான் இங்க ஆராய்ச்சி பண்றாங்க. உங்க பொண்ணையும் கேக்கலாமா?"

மகள் சரி என்றாள். ஆஸ்பத்திரியிலேயே ஒரு அறையில் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். அடுத்தபடியாக, பெற்றவர்களில் ஒருவரையும் கேட்க வேண்டும் என்றார்கள். மனைவி கையை விரித்துவிட்டாள். "நீங்களே பேசுங்க. குளத்துல அவகூட இருந்தது நீங்கதான். நான் எந்தக் காலத்துல அந்தப் பக்கம் வந்தேன்?"

வந்த பெண்ணுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். தோளில் பெரிய பை, காலில் தேய்ந்த செருப்பு. மனைவி அவளுக்கு அன்றைக்கே 'கேள்விப் பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டாள். கேள்விப் பொண்ணு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, தாளைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் வாசித்தாள். அதுதான் அவள் வேலை. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது, ஆச்சரியப்படக் கூடாது.

முதலில் ஓர் அட்டையை நீட்டினாள். பெயின்ட் கடையில் காட்டுவார்களே, அந்த மாதிரி வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசையாகக் கட்டங்கள்.

"உங்க மகள் சின்னப் பொண்ணா இருந்தப்ப, வெயில் படாத இடத்துல, அதாவது கையோட உள்பக்கத்துல, தோல் எந்த நிறத்துல இருந்துச்சு?"

மகள் அம்மாவைப் போல நல்ல வெளுப்பு. வெளுப்பு ஓரத்துக் கட்டத்தைத்தான் காட்ட வேண்டும். கோச்சின் விரல் அங்கேதான் போனது. போன விரல் கொஞ்சம் தயங்கி, கறுப்புப் பக்கமாக இரண்டு கட்டம் தள்ளி வந்து நின்றது.

"இதுவா இருக்கும். இல்ல, இதுவா?"

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லுங்க சார்."

"இதேதான்."

அடுத்த கேள்வி. நல்ல வெயிலில் முதல் நாள் நின்றால் அவள் தோல் என்ன ஆகும்? சிவந்து எரிந்து உரியுமா, சிவந்து பிறகு கறுக்குமா, எரிச்சலே இல்லாமல் கறுக்குமா?

"கறுக்கும்" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. முதல் பொய்க்குத்தான் மூச்சு முட்டும், மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். தோல் உரிந்ததுண்டா? ஞாபகம் இல்லை. கொப்புளம் வந்ததுண்டா? சேச்சே. சன் க்ரீம் தடவுவதுண்டா? அவள் அம்மா தடவி அனுப்புவாள்.

"பத்து வயசுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும், காலை பத்து மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் நடுவுல, அவங்க வெளில வெயில்ல எவ்வளவு நேரம் இருந்தாங்க?"

"அந்த நேரத்துல இல்லவே இல்ல. காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி, சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம். அவ்வளவுதான் நம்ம பயிற்சி. உச்சி வெயில்ல யாராவது பிள்ளைங்கள தண்ணில எறக்குவாங்களா?"

கேள்விப் பொண்ணு எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அவ என்ன சொன்னா?" என்று கோச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"அத சொல்லக் கூடாது சார். எனக்கும் தெரியாது, அன்னிக்குக் கேட்டது வேற ஆளு. கொஞ்ச மாசம் கழிச்சு உங்க மகள்கிட்ட மட்டும் இதே கேள்விகள திரும்பக் கேப்போம். ரெண்டு தடவையும் ஒரே பதில் வருதான்னு பாக்கணும். அதுவரைக்கும் வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் பதிலப் பத்திப் பேசிக்காதீங்க."

பேசிக்காதீங்களாம். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மூன்று பேரிடம் சொல்கிற பேச்சா இது?

நடந்தது என்ன என்பதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. காலையும் மாலையும் குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கிளப்புப் பிள்ளைகள், தண்ணீரில் விளையாட வந்த குடும்பங்கள், குறுக்கே குதிக்கிற வாண்டுகள். அந்தக் கூட்டத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நேராக நீந்த முடியாது. மத்தியானத்தில்தான் வெயிலுக்குப் பயந்து ஒரு ஈ காக்கை வராது. சாவி கோச்சிடம் இருந்தது. விடுமுறை நாள், பள்ளி அரை நாளில் விட்ட நாள், எல்லா மத்தியானமும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மொத்தக் குளமும் அவள் ஒருத்திக்கு. கரையில் போட்டிருந்த வெள்ளைத் தரை காலைச் சுடும் என்று அவரே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வைப்பார். அவள் குப்புற நீந்திக்கொண்டே இருப்பாள், முதுகு முழுக்க வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் குடைக்குக் கீழே. வேறு எதற்கும் இல்லை, ஸ்டாப் வாட்ச்சில் எண் வெயிலில் தெரியாது, அதற்காகத்தான் குடை.

க்ரீம் விஷயமும் உண்டு. அவள் அம்மா தடவித்தான் அனுப்பினாள், அது மட்டும் பொய்யில்லை. குளத்துக்கு வந்ததும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தவர் கோச். "கை தண்ணிய பிடிக்கணும். வழவழன்னு இருந்தா தண்ணி நழுவிடும், திரும்பறப்ப செவுத்துல கால் வழுக்கும்" என்பார். நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கே உரிய பைத்தியம் இது. அரை விநாடிக்காக எதையும் கழுவிவிடுவார்கள். மகளின் தோள் சிவந்து, கொப்புளித்து, படலம் படலமாக உரிந்தது. ராத்திரி ஈரத்துணி போட்டபடி மனைவி சத்தம் போட்டபோது, "தோலும் தசை மாதிரிதான். பழக்கினா பழகிடும்" என்று சொன்னார். மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

அவருடைய பயம் ஆராய்ச்சிக்காரர்களிடம் அகப்பட்டுக்கொள்வதைப் பற்றியது இல்லை. அவர்கள் யார், எவர்? மகள் தன்னைக் குற்றவாளி என்று நினைக்கிறாளா, அது ஒன்றுதான் அவரை அரித்தது. நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. அவளோ நோய் வந்த நாளிலிருந்து குளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கிறவளிடம் எதைப் படிப்பது? மாத்திரை கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையணையைச் சரிசெய்யச் சொல்லுவாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது மகளே பேச்சை எடுத்தாள்.

"காலைல வந்தாங்களேப்பா, ரொம்ப நேரம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க, கேட்டாங்க. தாள் முடியவே இல்ல."

"மத்தியானத்தப் பத்திக் கேட்டாங்களா?"

தட்டில் இருந்த கையைக் கோச் எடுக்கவில்லை. இந்த இடத்திலாவது அந்த மனுஷர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வழி தானாகவே திறந்தது. ஆனால் காலையில் ஒருத்தியிடம் சொன்னதை மத்தியானத்தில் இன்னொருத்தியிடம் மாற்றிச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "கேட்டாங்க. மத்தியானம்னு ஒண்ணு நமக்கு இல்லவே இல்லையேன்னு சொன்னேன். காலைல, சாயங்காலம், அவ்வளவுதானே?"

மகள் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது அவருக்கு. பஸ்ஸில் தெரிந்தவர் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அந்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பார்வை பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"சரிதானேம்மா?"

"நீங்க சொன்னா சரிப்பா" என்றாள். மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். பசி இல்லையாம்.

அவள் அறைக்குள் போன பிறகு மனைவி பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை.

"பொய் சொல்லி அனுப்பியிருக்கீங்க."

"யாருக்கு என்ன நஷ்டம் இதுல?"

"அவ மொத தடவையே எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிட்டா. மத்தியானம், க்ரீம கழுவினது, தோல் உரிஞ்சது, எல்லாம். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே எங்கிட்ட சொன்னா."

கோச் கழுவாத கையோடு எழுந்தார். "எப்படிச் சொன்னா? கோவமாவா?"

"எப்படியோ சொன்னா" என்றாள் மனைவி. "உங்களுக்கு இப்ப அதுதான் கவலையா?" தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எப்படியோ சொன்னாள் என்ற அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு கோச் மாதக்கணக்கில் தன்னைத் தானே கொளுத்திக்கொண்டார். வேறு எப்படிச் சொல்லியிருப்பாள்? அப்பாதான் வெயிலில் போட்டு வாட்டினார், அப்பாதான் க்ரீமைக் கழுவச் சொன்னார், அவர் குடைக்குள்ளே சொகுசாக உட்கார்ந்திருந்தார் என்று சொல்லியிருப்பாள். சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதை யாரோ ஒரு ஆளிடம் சொல்லியிருக்கிறாளே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட மாட்டேனா என்று அவருக்கு அடித்துக்கொண்டது. பெற்ற மகள் திட்ட மாட்டாளா என்று ஏங்குகிற நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது.

ஒரு நாள் மனசு கேட்காமல் கேள்விப் பொண்ணுக்குப் போன் போட்டார். மொட்டை மாடிக்குப் போய், துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார்.

"அன்னிக்கு நான் சொன்னதுல சிலது தப்பும்மா. மாத்தி எழுதிக்கிறியா?"

"மாத்த முடியாது சார். பதிவாயிடுச்சு."

"தப்புன்னு நானே சொல்றேனே."

"அப்புறம் யோசிச்சுப் பாத்தா எல்லாருக்குமே வேற மாதிரிதான் தோணும் சார். நோய் வந்த வீட்டுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ண நெனச்சு மருகுவாங்க, ஞாபகமும் அதுக்குத் தகுந்த மாதிரி மாறிடும். மாத்தச் சொல்றவங்க பதிலயெல்லாம் மாத்திக்கிட்டே இருந்தா, மொதல்ல சொன்னத எவ்வளவு நம்பலாம்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதுக்குத்தானே இந்த ஆராய்ச்சியே."

நியாயமான பேச்சுதான். ஞாபகம் மாறவில்லையம்மா, நான் பொய் சொன்னேன் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெண் என்ன செய்திருப்பாளோ தெரியாது. சொல்லவில்லை. தப்பு என்றாரே தவிர பொய் என்ற வார்த்தைக்கு நாக்கு எழும்பவில்லை. மெதுவாகப் படி இறங்கி வந்தார்.

மகளுக்கு மருந்து வேலை செய்யவில்லை. முதலில் வேலையை விட்டாள், பிறகு தெருமுனை வரை நடப்பதை விட்டாள், பிறகு கட்டிலை விட்டு இறங்குவதே பாடாகிவிட்டது. ஒரு காலத்தில் குளத்தின் முழு நீளத்தை ஒரே மூச்சில் கடந்தவள், ஒரு வாக்கியத்துக்கு நடுவே இரண்டு தடவை நின்றாள். அவளைப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அழுதார்கள். கோச் அழவில்லை. அழுவதற்குத் தனக்கு உரிமை உண்டா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டாவது தடவை கேள்வி கேட்க, கேள்விப் பொண்ணு வீட்டுக்கே வந்தாள். "முடியலேன்னா விட்டுடலாம் மேடம்" என்று அவள்தான் சொன்னாள். "பரவால்ல, கேளுங்க" என்றாள் மகள். மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். கோச்சை வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவைச் சாத்தினால் மூச்சு அடைக்கிறது என்று மகள் சொன்னதால், கதவு பாதி திறந்தே இருந்தது.

கோச் சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். போக வேண்டும் என்று தெரியும், போகவில்லை. இன்றைக்கு அவள் வாயாலேயே கேட்டுவிடலாம். எத்தனை கொடுமையாக இருந்தாலும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் போனதும் உள்ளே போய் மகள் காலடியில் உட்கார்ந்து, ஆமாம்மா, நான்தான் பாவி என்று சொல்லிவிட வேண்டும். கிட்டத்தட்ட ஒரு நிம்மதிகூட வந்துவிட்டது அவருக்கு.

உள்ளே பையிலிருந்து அட்டையை எடுக்கிற சத்தம். மகள் ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டியிருக்க வேண்டும். பிறகு அவள் குரல் கேட்டது.

"கறுக்கும். உரியறதெல்லாம் இல்ல."

கோச் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கொப்புளம் வந்ததுண்டா?"

"இல்ல."

"சன் க்ரீம் தடவுவதுண்டா?"

"அம்மா தடவி அனுப்புவாங்க."

"பத்து வயசுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும், காலை பத்து மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் நடுவுல..."

"அந்த நேரத்துல இல்லவே இல்ல" என்றாள் மகள். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "காலைல, சாயங்காலம். அவ்வளவுதான்."

அவருடைய பொய். அவருடைய வார்த்தைகளிலேயே. அன்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னதைச் சிந்தாமல் சிதறாமல் எடுத்து வைத்திருந்து, இன்றைக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். கோச்சுக்கு எழுந்தது தெரியாது, நடந்தது தெரியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அவ சொல்றது தப்பு. மத்தியானம்தான். எல்லா மத்தியானமும். நான்தான் எறக்கி விட்டேன். க்ரீம கழுவச் சொன்னதும் நான்தான். தோள் முழுக்க உரிஞ்சுது. அன்னிக்கு நான் உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

கடைசியில் அந்த வார்த்தை வந்துவிட்டது. வந்து என்ன? கேள்விப் பொண்ணு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். "சார், நீங்க வெளில இருக்கணும். நான் அவங்க சொல்றத மட்டும்தான் எழுத முடியும்."

"அப்பாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் சரியில்லைங்க" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை, பதற்றம் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிற டீச்சர் மாதிரி பேசினாள். "அடுப்புல பால வெச்சிட்டு மறந்துடறாரு. நீங்க எழுதிக்குங்க."

கோச் ஜென்மத்தில் அடுப்பில் பால் வைத்தவர் இல்லை.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதச் சொல்லுங்க மேடம்" என்றாள் கேள்விப் பொண்ணு. அவளுக்கு அதைத் தவிர வேறு பேச்சு கொடுக்கப்படவில்லை.

"சொன்னதுதான்" என்றாள் மகள்.

எழுதிக்கொண்டாள். பையை மூடினாள். கோச் அவள் பின்னாலேயே வாசல் வரை ஓடினார்.

"மொத தடவ அவ சொன்னத எடுத்துப் பாரும்மா. எல்லாம் அதுல இருக்கு."

"அது எங்கிட்ட இருக்காது சார். ரெண்டு பதிலையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறவங்க வேற. அவங்களுக்கு ஆள் யாருன்னே தெரியாது, வெறும் நம்பர்தான்."

"ரெண்டும் வேற வேறயா இருந்தா எத நம்புவாங்க?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். சொல்லலாமா கூடாதா என்று யோசித்திருப்பாள். "அப்பாவோ அம்மாவோ சொன்னது எதோட ஒத்துப்போகுதுன்னு பாப்பாங்க சார். ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா அதுக்கு மதிப்பு அதிகம்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அவங்க பக்கத்துல இருங்க" என்று தாளில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனாள்.

ரொம்ப நல்லது. அப்பாவும் மகளும் அச்சு அசலாக ஒரே பொய்யைச் சொல்லியாயிற்று. எங்கேயோ ஒரு அறையில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து, அடடா, எவ்வளவு பொருத்தமான பதில்கள் என்று திருப்திப்படப் போகிறார். நாளைக்கு வேறு யாரோ ஒரு அப்பா தன் பிள்ளையை உச்சி வெயிலில் இறக்கலாமா என்று கேட்டால், அவருக்குச் சொல்வதற்கு ஒரு சாட்சி குறைந்துவிட்டது. கோச்சுக்கு இதெல்லாம் மங்கலாகத்தான் ஓடியது. அவர் திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் கண்ணை மூடியிருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னைக் காப்பாத்தறதுக்கா? எனக்கு வேண்டாம்மா அது. நாலு வார்த்த திட்டிடு. மொத தடவ அவங்ககிட்ட கோவமா சொன்னியாமே, அத எங்கிட்ட சொல்லிடு."

"கோவமாவா?" கண்ணைத் திறந்தாள். "யாரு சொன்னா?"

"அம்மா சொன்னா."

"அம்மாவா? அம்மாகிட்ட சிரிச்சிக்கிட்டேதானே சொன்னேன்." மூச்சுக்காக நின்றாள். அவர் தண்ணீரை எடுத்தார், வேண்டாம் என்று கையசைத்தாள். "ஆஸ்பத்திரிலயும் சிரிச்சிக்கிட்டேதான்ப்பா சொன்னேன். மொத்தக் குளமும் எனக்குத்தான்னு சொன்னேன். எங்கப்பா தரைல தண்ணி ஊத்தி வெப்பாருன்னு சொன்னேன். அதெல்லாம் எழுத எடமில்லன்னுட்டு மத்தியானம்ங்கற கட்டத்துல மட்டும் டிக் போட்டாங்க."

கோச் தண்ணீரைக் கீழே வைத்தார். எப்படியோ சொன்னா என்று மனைவி சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அதைக் கோபம் என்று முடிவு கட்டியது அவரேதான்.

"இந்த நோய் எதனால வந்துச்சோ எனக்குத் தெரியாது. டாக்டருக்கே தெரியல" என்றாள் மகள். "ஆனா என் ஆயுசுல நல்ல நேரம் எதுன்னு கேட்டா, அதுதான். வேற பெருசா ஒண்ணும் இல்ல எனக்கு. படுத்துக்கிட்டு அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்."

"அப்புறம் ஏம்மா..."

"நீங்கதானேப்பா இல்லன்னீங்க. என் முகத்தப் பாத்தே சொன்னீங்க, மத்தியானம்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு." அவள் குரல் அப்போதும் உயரவில்லை. "அங்க இருந்தது நாம ரெண்டு பேருதான். அதுல ஒருத்தர் இல்லன்னுட்டா, இன்னொருத்தர் மட்டும் அத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

வெளியே கேட் திறக்கிற சத்தம் கேட்டது. மனைவி வந்துவிட்டாள். கோச் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு கோணிக்கொண்டு போனது.

"இருந்துச்சும்மா. எல்லாம் இருந்துச்சு. மொத நாள் நீ..."

"இப்ப சொல்லாதீங்கப்பா" என்றாள் மகள். கையை மெல்ல உருவிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "எனக்குத் தூக்கம் வருது."